மௌனமும் நனவும்

மூச்சும் துயிலும் விழிப்பும் உளவாயினும் அறிவின் குறி யாதும் வெளித்தோன்றாத நிலையை வைத்தியர் ‘தாவரநிலை’ என்பர். வீதி விபத்தொன்றால் அந்நிலையுற்ற 23 வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றி ஏட்றியன் ஓவன் குழுவினர் 2006இல் வெளியிட்ட கட்டுரை மிகச் சிறியது. அது எழுப்பிய வாதமோ பெரிது. ரெனிஸ் ஆடுவதாகவும், தன் வீட்டறைகளிற் சுற்றிவருவதாகவும் கற்பனை செய்யுமாறு அவளுக்குக் கூறப்பட்டது. நலமுடையாரிடத்துத் தொழிற்படும் மூளைப் பகுதிகளே அவளிடத்தும் தொழிற்பட்டமையைக் காந்தப் படப்பொறி காட்டிற்று. சொற்களைக் கேட்டமாத்திரத்தே மூளை தானாகக் கிளர்ந்ததென மறுத்தாருமுளர். அக்கிளர்ச்சி ஒவ்வொரு முறையும் 30 விநாடி நீடித்தமையின் அம்மறுப்பு வலியற்றதே.

ஆயின், இம்முறையின் மெய்யான குறை வேறிடத்துளது. 2024இல் வெளியான பேராய்வொன்றிலே, கட்டளைக்கு உடலால் இணங்காத 241 பேருள் 60 பேர் மூளையால் இணங்கினர். பலரும் எடுத்தோதுவது இவ்வெண்ணையே. கட்டளைப்படி வெளிப்படையாகச் செயற்பட்ட 112 பேரும் அவ்வாய்விலே சோதிக்கப்பட்டனர்; அவருள் 43 பேரிடத்து மட்டுமே காந்தப்படமோ மூளை மின்னலைப் பதிவோ அவ்விணக்கத்தைக் கண்டது. கண்கூடாக இணங்கிய 69 பேரைத் தவறவிட்ட சோதனை, பேசாக் கிடக்கும் ஒருவரிடத்து ஒன்றுங் காணாதொழிந்தால், அதனைச் சான்றாகக் கொண்டு அவரது சிகிச்சையை நிறுத்தத் துணிதல் எவ்வாற்றானும் பொருந்தாது.