இயைபுக்குச் சொன்ன பொய்

1964 ஈஸ்டர் சமயத்தில், இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நின்ற ஒரு கப்பலிலிருந்து பாட்டு கேட்கத் தொடங்கியது. ரேடியோ கரோலைன். தன் அலைநீளம் 199 மீட்டர் என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டது. பொய். 1520 கிலோஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் 197தான் வரும். ‘கரோலைன்’ என்ற பெயரோடு ‘நைன்ட்டி நைன்’ இயைகிறது என்று இரண்டு மீட்டரைக் கூட்டிக்கொண்டார்களாம். தளை தட்டாமலிருக்கச் சொல்லை நீட்டிய நம் புலவர்கள் இதைக் குற்றமாகக் கொள்ள மாட்டார்கள்.

நிலையத்தைத் தொடங்கியவர் ரோனன் ஓ’ராஹிலி என்ற அயர்லாந்துக்காரர். கப்பல் 1930இல் கட்டிய டேனிஷ் பயணிகள் கப்பல். பிரிட்டனில் அப்போது தனியார் வானொலிக்கு இடமில்லை. பிபிசியோ, இசைக்கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டுக் கம்பெனிகளோடும் செய்துகொண்ட உடன்பாட்டால் நாளுக்குச் சில மணி நேரம்தான் தட்டு சுழற்ற முடியும். கரையிலிருந்து மூன்று மைல் தள்ளிப் போனால் கேட்பாரில்லை. விளம்பரக் காசில் விடிய விடியப் பாடலாம்.

இந்தக் கதையைக் கடற்கொள்ளைக்காரக் கும்மாளமாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். 2009இல் வந்த ஆங்கிலப் படமும் அப்படித்தான்.  என்னைக் கேட்டால் கதாநாயகன் கப்பலின் ஒலிபரப்புக் கோபுரம்தான். மத்திய அலை ஏரியல் அலைநீளத்தில் கால் பங்கு உயரம் இருந்தால் அழகாக வேலை செய்யும். கரோலைனின் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர். ஆடும் தளத்தில் இவ்வளவு உயரத்தை நிமிர்த்தி நிறுத்துவதே ஒரு வித்தை.

ஏரியல் பாதிதான்; மறுபாதி எர்த். தரையில் நிலையம் கட்டுகிறவர்கள் கோபுரத்தைச் சுற்றி மண்ணுக்குள் மைல் கணக்கில் செம்புக் கம்பி புதைப்பார்கள். கப்பலுக்கு அந்தச் செலவில்லை. இரும்பு உடல் உப்புநீரில் உட்கார்ந்திருக்கிறது. அதைவிட நல்ல எர்த் உலகத்தில் கிடையாது. அந்த நீரின் மேலேயே தவழ்ந்து போகும் அலை வழியில் அதிகம் தேய்வதும் இல்லை. இலங்கை வானொலி நம் கடற்கரை ஊர்களில் அவ்வளவு துல்லியமாகக் கேட்டதற்கு, நடுவில் கிடந்த கடலுக்கும் பங்குண்டு.

உதவிய உப்பே உபத்திரவமும் கொடுத்தது. இன்சுலேட்டர்களில் படிந்தால் பொறி பறக்கும், ஒலிபரப்பு நிற்கும். அலை பெரிதானால் தட்டில் முள் தாவும். அதை அடக்க முள் கையின் தலையில் காசு வைப்பார்கள். தட்டு தேய்ந்தால் தேயட்டும், பாட்டு அறுபடக் கூடாது.

1967 ஆகஸ்டில் சட்டம் வந்தது. பிரிட்டிஷ்காரர் வேலை செய்வதும் விளம்பரம் கொடுப்பதும் குற்றமாயின. அடுத்த மாதக் கடைசியில் பிபிசி தானே ரேடியோ ஒன் தொடங்கி, கரோலைனில் பேசிய டோனி பிளாக்பர்னை வைத்தே திறப்பு விழா நடத்தியது. 1968இல் கடன்காரர்கள், அதற்குள் ஒன்றுக்கு மேலாகியிருந்த கரோலைன் கப்பல்களை இழுத்துப் போனார்கள்.

பெரும்பாலோர் இதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த கரோலைன் இதற்குப் பிறகுதான் வருகிறது. பழைய கப்பல்களில் ஒன்றான மி அமிகோவிலிருந்து எழுபதுகளில் அது மறுபடி ஒலித்தது. இம்முறை தரவரிசைப் பாட்டுகளை விட்டுவிட்டு, ராக் ஆல்பங்களுக்கென்றே. பகலில் அதே கப்பலிலிருந்து ரேடியோ மி அமிகோ டச்சு மொழியில் விளம்பரமும் ஜனரஞ்சகப் பாட்டுமாகச் சம்பாதிக்கும், இரவு கரோலைனுக்கு. மூன்று நிமிடத்துக்குள் அடங்காத பாட்டுக்கு அந்த அலைவரிசையில் அவசரமில்லை.

நேயர்கள் கேசட்டில் பிடித்துவைத்த அந்த இரவுகளைக் கேட்டிருக்கிறேன். மோனோ, உச்சஸ்தாயி மழுங்கியிருக்கும், பின்னால் இரைச்சல். சூரியன் சாய்ந்தபின் மேல்வானம் அலையைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். நீர்மேல் வந்த அலையும் வானிலிருந்து இறங்கிய அலையும் ரேடியோப்பெட்டியில் சந்திக்கும்போது ஒரு கணம் கூடும், ஒரு கணம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கித்தாரின் ஒரு நீண்ட சுரம் பருத்து, மெலிந்து, உருகி மறுபடி திரளும். பதிவுக்கூடத்தில் யாரும் போடாத கமகம். தம்புராவின் குதிரையில் தந்திக்கடியில் நூல் செருகுகிறோமே, அந்தச் சிறு கோளாறுதானே நாதத்துக்கு உயிர் தருகிறது? எஃப்எம்மின் சுத்தமான ஸ்டீரியோவில் அதே ஆல்பத்தைக் கேட்டால் ஏதோ துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது.

இன்று கரோலைனுக்கு உரிமமே இருக்கிறது. 2017 முதல் 648 கிலோஹெர்ட்ஸில், தரையிலிருந்து; முன்பு பிபிசி உலகச் சேவை வைத்திருந்த அலைவரிசை அது. மி அமிகோவுக்கு அடுத்து வந்த கப்பலான ராஸ் ரிவெஞ்ச், எசெக்ஸில் பிளாக்வாட்டர் ஆற்று முகத்தில் கட்டிக் கிடக்கிறது.

மி அமிகோ மிஞ்சவில்லை. 1980 மார்ச்சில் ஒரு புயல் இரவு நங்கூரச் சங்கிலி அறுந்து, தேம்ஸ் முகத்துவாரத்து மணல்திட்டில் முட்டி நீர் புகுந்தது. நால்வரையும் ஒரு கேனரிக் குருவியையும் உயிர்காப்புப் படகு மீட்டது. குருவியின் பெயர் வில்சன். சட்டம் கொண்டுவந்த பிரதமரின் பெயர். கப்பல் மணலில் அமர்ந்துவிட்டது. கோபுரம் மட்டும் பல ஆண்டுகள் நீருக்கு மேலே நிமிர்ந்து நின்றது, எர்த்துக்கு ஒரு குறையும் இல்லாமல்.