193 படங்களும் அவற்றின் ஆயிரம் நகல்களும்

2019-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, ஆசிய பசிபிக் தொலைக் கண் மருத்துவச் சங்கத்தோடு சேர்ந்து கேகிள் தளத்தில் ஒரு போட்டி நடத்தியது. சர்க்கரை நோய் விழித்திரையை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று படத்தைப் பார்த்தே கிரேடு போடும் கணினி மாடலை உருவாக்க வேண்டும். டெக்னீஷியன்கள் கிராமப்புறங்களுக்குப் போய் எடுத்து, மருத்துவர்கள் பார்த்துக் கிரேடு போட்ட படங்கள் அவை. பயிற்சிக்குத் தந்தவை 3,662. அதில் 1,805 படங்களில் நோயே இல்லை. கடுமையான நிலையான மூன்றாம் கிரேடுக்கு இருந்தவை வெறும் 193. தவறவிடவே கூடாத நிலைக்குத்தான் படம் மிகக் குறைவு. இப்படிப்பட்ட பற்றாக்குறைக்குக் கணினித் துறையினர் உடனே கையிலெடுக்கும் மருந்து ஆக்மென்டேஷன்: இருக்கிற படத்தையே திருப்பி, சுழற்றி, வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் புதுப் படம்போல மாடலுக்குக் காட்டுவது. இது பயனுள்ள வழிதான். ஆனால் கண் படத்தில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும், 'இப்படி மாற்றினாலும் நோயின் கிரேடு மாறாது' என்ற மருத்துவக் கூற்று. அந்தக் கூற்றை மருத்துவரிடம் கேட்காமல் நிரலெழுதுபவர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவதுதான் இந்த நடைமுறையின் பெரிய குறை.

முதலில் அதன் பலத்தைச் சொல்லியாக வேண்டும். குறைந்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் மாடல், நோயைக் கற்பதற்குப் பதிலாகப் படத்தையே மனப்பாடம் செய்துகொள்ளும். 2012-இல் படம் அறியும் துறையையே புரட்டிப்போட்ட அலெக்ஸ்நெட் என்ற மாடல், ஒவ்வொரு படத்தையும் வெவ்வேறு இடத்தில் வெட்டியும் இடவலமாகத் திருப்பியும் பயிற்சித் தொகுப்பை 2,048 மடங்காக்கியது. விழித்திரைக்கு இடவலத் திருப்பம் மிக இயல்பாகப் பொருந்தும். வலக்கண் படத்தில் பார்வை நரம்பின் வட்டு வலப்பக்கம் இருக்கும், இடக்கண்ணில் இடப்பக்கம். ஆகவே வலக்கண்ணைத் திருப்பினால் நம்பத்தக்க ஓர் இடக்கண் கிடைக்கிறது. தலைகீழாக்குவதற்கும் சில இடங்களில் நியாயம் உண்டு. 2015-இல் நடந்த முந்தைய கேகிள் போட்டியின் படங்களில் சில, லென்ஸ் வழியாகப் பார்ப்பதுபோலத் தலைகீழாகவே இருந்தன. மாடல் சந்திக்கப்போகும் மாறுபாட்டை முன்கூட்டியே காட்டுவது நல்ல பயிற்சி.

சிக்கல் வெட்டுவதில் தொடங்குகிறது. கண் மருத்துவர்கள் கடுமையான நிலையை 4-2-1 என்ற விதியால் அடையாளம் காண்கிறார்கள்: விழித்திரையின் நான்கு கால்பகுதிகளிலும் மிகுதியான ரத்தக் கசிவு, அல்லது இரண்டில் சிரைகள் மணிகோத்ததுபோல் வீங்கியிருத்தல், அல்லது ஒன்றில் விழித்திரைக்குள்ளேயே வழக்கத்துக்கு மாறான நுண்குழாய்கள். அதாவது கிரேடு என்பது முழு விழித்திரையையும் எண்ணிப் போட்ட கணக்கு. அந்தப் படத்தில் ஒரு மூலையைத் தாறுமாறாக வெட்டியெடுத்து, 'மூன்று' என்ற சீட்டை மட்டும் அப்படியே ஒட்டிவைத்தால், பிள்ளைக்குத் தப்பான விடைத்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்ன கதைதான். மங்கலாக்குவதும் அப்படியே. முதல் கிரேடுக்கு ஒரே சாட்சி, ரத்த நுண்குழாய் புடைத்து உண்டாகும் ஊசிமுனைச் செம்புள்ளி. படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினாலும் அளவைச் சுருக்கினாலும் அது காணாமல் போகும், சீட்டில் 'ஒன்று' மட்டும் மிஞ்சும். நிறத்தை இஷ்டத்துக்கு மாற்றுவது இன்னும் மோசம். சிவப்பு ரத்தக் கசிவும் மஞ்சள் கொழுப்புப் படிவும் வெளிறிய பஞ்சுத் திட்டும் வேறு வேறு என்று கண்ணுக்குச் சொல்வதில் பெரும்பங்கு நிறத்துக்குத்தான்.

'எதைச் செய்தாலும் மதிப்பெண் கூடுகிறதே, பிறகென்ன?' என்று கேட்பார்கள். கூடுவது உண்மை. சோதனைப் படங்களும் அதே கேமராக்களிலிருந்து, அதே வகை மக்களிடமிருந்து வந்திருந்தால் அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்பதுதான் என் கேள்வி. பெருக்கிய பிறகு தொகுப்பைப் பிரித்தாலோ, ஒரே நோயாளியின் இரு கண்களில் ஒன்று பயிற்சிக்கும் மற்றது சோதனைக்கும் போனாலோ, பார்த்த வினாவே தேர்வில் வந்ததாகிவிடும். களம் எப்படியிருக்கும் என்பதைத் தாய்லாந்து காட்டியது. கூகுளின் விழித்திரை மாடலை அங்குள்ள மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தியபோது, 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதவில்லை என்று அது ஒதுக்கியது. எல்லா நிலையங்களிலும் இருட்டறை இல்லை என்பது ஒரு காரணம். ஆய்வகத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது வேறு, ஜன்னல் வெளிச்சம் விழும் அறையில் கண்ணுக்கு மருந்து விடாமல் எடுத்த படம் வேறு.

இன்னொரு வாதம் வலுவானது: அரிய நிலைக்குப் படமே கிடைக்காதபோது, மாடலைக் கொண்டே செயற்கைப் படங்களை வரைந்து ஈடுகட்டலாமே? தொகுப்பின் எண்ணிக்கை சமமாகும், உண்மைதான். ஆனால் 193 படங்களைப் பார்த்து வரையக் கற்ற மாடலுக்கு அந்த 193 தாண்டி இந்த நோய் பற்றி எதுவும் தெரியாது. அவற்றில் இல்லாத வகைக் கசிவை அது வரையாது, வரைந்தாலும் சரியா என்று சொல்ல மருத்துவர்தான் வேண்டும். கூகுள் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வின் மாடல் 1,28,175 படங்களில் பயிற்சி பெற்றது. அரவிந்த் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை கண் மருத்துவர்கள் பார்த்துக் கிரேடு போட்டார்கள். அந்த உழைப்புக்கு நகல் எடுப்பது ஈடாகாது. எல்லோராலும் அவ்வளவு செலவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே, இருக்கிற சில நூறு படங்களை எப்படி மாற்றுகிறோம் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

மாற்றங்களின் பட்டியல் பிறக்க வேண்டிய இடம் கேமரா நாற்காலி. மதுரையைச் சுற்றிய ஊர்களிலிருந்து கண் பார்க்க வரும் வயதானவர்களுக்குச் சர்க்கரையோடு கண்புரையும் இருப்பது சகஜம். புரை வழியாக எடுத்த படம் முழுவதும் மூடுபனிபோல் வெளிறியிருக்கும், கண் பாப்பா சிறிதாக இருந்தால் ஓரத்தில் கருநிழல் விழும். இவற்றைப் போலச் செய்யும் மாற்றம் பொருளுள்ளது. லென்ஸில் ஒட்டிய தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்குப் படம் அதே இடத்தில் அதே புள்ளி வருவதை வைத்துத்தான் டெக்னீஷியன் அது தூசி என்று கண்டுபிடிக்கிறார். படங்களைத் தாறுமாறாகச் சுழற்றினால் அந்தத் துப்பு அழிந்து, தூசி ரத்தப் புள்ளியாகிவிடும். மறுபக்கம், சுழற்றாவிட்டால் மாடல் அந்த ஒரு கேமராவின் தூசியையே மனப்பாடம் செய்யவும் கூடும். இதில் எது பெரிய ஆபத்து என்பதைப் படம் எடுத்தவரைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. முதல் படம் மங்கலாக வந்தால் அவர் நோயாளியைக் கண் இமைக்கச் சொல்லி, நாடியைச் சரியாக வைத்து, இரண்டாவது எடுப்பார். அந்த மங்கல் படத்தை அழிக்காமல், தெளிவான படத்தோடு ஜோடியாகச் சேமித்துவைக்கலாம். அதே கண், அதே கேமரா, ஒரு நிமிட இடைவெளி. படம் நிஜத்தில் எப்படிக் கெடுகிறது, எவ்வளவு கெட்டால் புள்ளி மறைகிறது என்பதை அந்த ஜோடியிலிருந்தே அளக்கலாம். மங்கலாக்கும் அளவை நிரலில் எழுதும்போது அங்கிருந்து எடுத்த எண்ணைப் போடலாம்.