கல்லெழுத்தும் ஒளிப்படமும்: லின்னேயஸ் ட்ரைப்பின் தஞ்சைப் பணி (1858)

இந்தியாவின் தொடக்ககால ஒளிப்படக் கலைஞர்களுள் லின்னேயஸ் ட்ரைப் (1822–1902) முதன்மையானவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த இவர், 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் தொடங்கிய இவரது பயணம் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளை உள்ளடக்கியது. தஞ்சையும் திருவையாறும் இடம்பெற்ற தொகுதி 1858இல் வெளிவந்தது.

இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபின் தஞ்சை கம்பெனியின் கைக்குப் போயிருந்த காலம் அது. எனவே, புதிதாகக் கைக்கொண்ட நிலத்தை அளந்து பார்க்கும் ஆட்சியின் கண்ணாக இப்படங்களை வாசிப்பது இயல்பே. ஆயினும் பெரிய கோயிலில் எடுக்கப்பட்ட ஒரு படத்திற்கு அவ்வாசிப்பு போதாது.

அது விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காட்டும் தொடர்படம். 21 படங்களை ஒட்டி உருவாக்கிய அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. (தலைப்பில் விமானம் ‘பிமானம்’ ஆகியிருப்பது, சொல் செவிவழி வந்ததைக் காட்டுகிறது.) ட்ரைப்பின் பிற படங்களில் அழகியல் தலையீடு வெளிப்படையானது. காகித எதிர்ப்படிகளில் வானம் சீராகப் பதியாமையால், அவர் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார், இலைகளையும் திருத்தினார். கல்வெட்டுத் தொடரில் அதற்கு இடமில்லை. எங்கு தொடங்குவது, எங்கு நிறுத்துவது என்பதைக் கல்லே முடிவுசெய்கிறது. தான் அளித்தவற்றையும் தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையும் விமானத்தில் வெட்டுமாறு ஆணையிட்ட இராசராசனின் ஏற்பாட்டுக்குக் கருவி கட்டுப்படுகிறது. ட்ரைப்பின் மிகச் சிறந்த படம் இதுவே எனலாம். அவரது கைவண்ணம் மிகக் குறைவாக உள்ள படமும் இதுவே.

இத்தகைய பணிக்குத் தேவைப்படுவது தனியொருவரின் மேதைமையன்று. தொலைவும் உயரமும் ஒளியும் படத்திற்குப் படம் மாறாமல் காக்கும் பயிற்சி. இங்குதான் கற்பித்தலின் வரலாறு குறுக்கிடுகிறது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் ஒளிப்படமும் கற்பிக்கப்பட்டது. அங்குப் பயின்ற ஐயாசாமி ட்ரைப்பின் உதவியாளராகப் பணியாற்றினார். ட்ரைப்பின் தொழில் வாழ்வோ குறுகியது. 1859இல் ஆளுநர் டிரெவெல்யன் ஒளிப்படப் பணியை நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரமெனக் கருதி நிறுத்தினார். அதன்பின் ட்ரைப் படமெடுப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டார். பள்ளி நிலைத்தது, இன்று அது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி.

தமிழ்க் கல்வெட்டியலோ தஞ்சைக் கல்வெட்டுகளின் வரலாற்றைப் பெரும்பாலும் ஹூல்ட்ஷிலிருந்தே தொடங்குகிறது. மைப்படிகளின் துணையுடன் அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதி 1891இல் வந்தது. அதற்கு 33 ஆண்டுகள் முந்தைய ஒளிப்படத் தொடர் கலை வரலாற்றாளரின் பொருளாகவே ஒதுங்கியது. ஹூல்ட்ஷின் உதவியாளராக இருந்த வெங்கையாவின் பெயர் கல்வெட்டியலில் நிலைபெற்றதுபோல் ஐயாசாமியின் பெயர் எத்துறையிலும் நிலைபெறவில்லை. 2014–15இல் வாசிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களில் நடந்த பெருங்கண்காட்சியின் தலைப்பிலும் கேப்டன் ட்ரைப் ஒருவரே இருந்தார். அவரது குழுவின் உழைப்பை மதிப்பிட அச்சிட்ட தொகுதிகள் மட்டும் உதவா. கலைப்பள்ளி தொடர்பான அரசுக் கோப்புகளையும் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் தேடிப் படிக்க வேண்டும்.