கேட்வுமனுக்கு ஒரு நியாயம் வேண்டுமா?

1940இல் 'பேட்மேன்' காமிக்ஸின் முதல் இதழில் கேட்வுமன் அறிமுகமானபோது, கிழவி வேடமிட்டு ஒரு படகில் மரகத மாலையைத் திருடினாள். ஏன் திருடினாள் என்று கதை கேட்கவில்லை. பேட்மேனே அவளைத் தப்பிக்க விட்டுவிட்டான். 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். குற்றவாளி மேல் வாசகருக்கு அனுதாபம் வரும்படி எழுதக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அந்த ஆண்டோடு காமிக்ஸிலிருந்து மறைந்த கேட்வுமன் 1966இல்தான் திரும்பினாள். அனுதாபம் கூடாது என்ற தடை உடைந்தபின், அனுதாபம் கட்டாயம் என்ற நிலை மெல்ல வந்துவிட்டதோ என்ற கேள்வி, சாரா ஜெ. மாஸ் 2018இல் எழுதிய 'கேட்வுமன்: சோல்ஸ்டீலர்' என்ற இளையோர் நாவலைப் படித்ததிலிருந்து என்னை விடவில்லை.

நாவல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோத்தம் நகரின் ஈஸ்ட் எண்டில், பின்னாளில் கேட்வுமனாகப்போகும் பதினேழு வயது செலினா கைல் கூண்டுச் சண்டை போட்டுப் பிழைக்கிறாள். சண்டையை நடத்துபவன் கார்மைன் ஃபல்கோனி என்ற தாதா. வீட்டில் தங்கை மேகிக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ். நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கி மூச்சை அடைக்கும் பரம்பரை நோய். மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடக்கூடிய நாட்டில் இந்தக் கணக்கு வாசகருக்கு உடனே புரிகிறது. வறுமை இங்கே பின்னணி அலங்காரமாக நிற்கவில்லை. ஒரு சிறுமி எந்த வழிகள் அடைபட்டு எந்த வழிக்கு வருகிறாள் என்பதை மாஸ் பொறுமையாகக் காட்டுகிறார். ஆரம்ப அத்தியாயங்கள் நாவலின் மிக உறுதியான பகுதி.

பிறகு கொலையாளிகளின் கூட்டமான லீகைச் சேர்ந்த தாலியா அல் கூல் அழைக்க, செலினா அங்கே பயிற்சிக்குப் போகிறாள். இரண்டு ஆண்டு கழித்து ஹோலி என்ற பணக்காரப் பெண்ணாகத் திரும்புகிறாள். பேட்மேன் அப்போது ஊரில் இல்லை. இது மாஸ் எடுத்த நல்ல முடிவு. அவன் இருந்தால் கதை அவன் பக்கம் சாய்ந்துவிடும். கேட்வுமன் கதைகள் பலவற்றுக்கு நேர்ந்தது அதுதான். அவன் இடத்தில் காவலுக்கு நிற்கும் லூக் ஃபாக்ஸ், போரின் காயம் மனதில் ஆறாத முன்னாள் மரீன் வீரன். செலினாவுக்கும் அவனுக்கும் வளரும் காதல் வழக்கமான தடத்தில் போகிறது, படிக்கலாம், அவ்வளவே.

நாவல் உயிர்பெறுவது செலினாவும், கோத்தமின் வில்லிகளான பாய்சன் ஐவி, ஹார்லி குவின் இருவரும் சேரும்போது. காமிக்ஸில் 2009இல் 'கோத்தம் சிட்டி சைரன்ஸ்' தொடர் இவர்களை ஒன்றாக்கியிருந்தது. மாஸ் அந்தக் கூட்டணிக்குப் பதின்பருவத்தின் வேகத்தைத் தருகிறார். திருட்டு வேலையைக் கச்சிதமாகச் செய்யும் திறமையில் ஒரு பெண் அடையும் களிப்பு இந்தப் பக்கங்களில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. இளம் வாசகிகளுக்கு இது அபூர்வமாகவே கிடைக்கிறது. அடக்கமாக இரு, திறமையைக் காட்டாதே என்று கேட்டு வளரும் ஒருத்திக்கு, தன் சாமர்த்தியத்துக்காக மன்னிப்புக் கேட்காத நாயகி எத்தனை தேவை என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் முடிவை நெருங்கும்போது மாஸ் அந்தக் களிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். (கதையின் முடிச்சு அடுத்து வருகிறது.) செலினா நடத்திய கலகம் முழுவதும் மேகியைக் குணப்படுத்தத்தான், லீகின் ரகசியமான லாசரஸ் குளத்தின் சக்தியைத் தங்கைக்காகப் பயன்படுத்துவதே ஆரம்பத்திலிருந்து அவள் திட்டம். ஒவ்வொரு திருட்டும் தியாகமாகிவிடுகிறது.

இதில் எனக்கு இரண்டு மனத்தாங்கல்கள். முதலாவது உத்தி பற்றியது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் நம்மைச் செலினாவின் மனத்துக்குள் அழைத்துப் போகும் கதைசொல்லி, அந்த மனத்தை ஓயாமல் ஆட்டிப்படைக்கும் ஒரே நினைப்பை மட்டும் மறைத்துவைக்கிறார். வெளியிலிருந்து சொல்லப்படும் கதையில் இது திருப்பம். உள்ளிருந்து சொல்லும்போது வாசகரின் நம்பிக்கை அடிபடுகிறது.

இரண்டாவது ஆழமானது. நோயுற்ற தங்கை இல்லாவிட்டால் இவளை நமக்குப் பிடித்திருக்காதா? எதிர்நாயகியின் ஈர்ப்பே, நம் ஒப்புதலுக்குக் காத்திராமல் அவள் நடப்பதில்தான். பணக்காரர்கள் மேல் அவளுக்குள்ள கோபம், உயரத்தின் மேல் உள்ள மோகம், நகையின் அழகு, எல்லாம் காரணம்தானே. அன்பின் பொருட்டு மட்டுமே ஒரு பெண் விதியை மீறலாம் என்றால், அவளை மறுபடி பழைய வேலியின் உள்ளேயே கொண்டுவந்து விடுகிறோம். ஹார்லியிடம் மாஸ் இப்படிச் செய்யவில்லை. வில்லன் ஜோக்கர் மேல் அவளுக்குள்ள பித்தையும், ஐவி மேல் அவளுக்குள்ள ஈர்ப்பையும் சமாதானம் சொல்லாமல் அருகருகே விட்டுவிடுகிறார். அதனால் சில இடங்களில் நாயகியைவிட ஹார்லியே மெய்யானவளாகத் தெரிகிறாள்.

எட் புரூபேக்கரும் டார்வின் குக்கும் 2002இல் தொடங்கிய 'கேட்வுமன்' தொடரை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். கொடூரம் மிகுந்தது, பெரியவர்களுக்கானது. அங்கும் மேகி உண்டு, ஆனால் அவள் செலினாவுக்கு நியாயம் வழங்க வரவில்லை. செலினாவின் பகைவன் பிளாக் மாஸ்க் மேகியின் கணவனைச் சித்திரவதை செய்கிறான். அதைக் கண்ட மேகியின் மனம் சிதைந்துபோகிறது. அக்காள் தேர்ந்த வாழ்க்கைக்குத் தங்கை விலை கொடுக்கிறாள். செலினா அதைச் சுமந்தபடியே தொடர்ந்து கேட்வுமனாக இருக்கிறாள்.