சூரியக் காற்றும் ஒளியழுத்தமும்

இலங்கையை வாழ்விடமாகக் கொண்டிருந்த ஆதர் சி. கிளாக் 1964இல் வெளியிட்ட சிறுகதையொன்று, சூரியவொளியாற் செல்லும் பாய்க்கலங்களின் விண்வெளிப் போட்டியைப் பொருளாகக் கொண்டது. 'சூரியனிலிருந்து வீசும் காற்று' என்னும் அதன் பிற்காலத் தலைப்பு மயக்கந் தருவது. அதனை மாத்திரம் நம்பும் மாணவர் பௌதிகத்தைப் பிழைபடக் கொள்வர். பாயை உந்துவது ஒளியே. சூரியன் உமிழும் துகட்காற்றன்று. ஒளியை முற்றாகத் தெறிக்கும் பாயின் ஒரு சதுர மீற்றரிற் புவியருகே ஒளி செலுத்தும் விசை ஏறத்தாழ 9 மைக்குரோ நியூற்றன். துகட்காற்றின் அழுத்தமோ அதன் ஆயிரத்திலொரு பங்கினுங் குறைவு. எனினும், கதையுள் இம்மயக்கம் இல்லை. சிறுவிசை இடையறாது தொடர்தலாற் பெருவேகம் பிறக்கும் என்னும் உண்மையே அதன் உயிர். ஒளியழுத்தத்தின் உந்துதலை 2010இல் யப்பானின் இகாரோசு கலம் கோளிடைவெளியில் மெய்ப்பித்தது. ஆதலின், திருத்தம் வேண்டுவது தலைப்பே, கதையன்று.