போத்து நடுகிறவர்கள்: கும்மிடிப்பூண்டியில் வைத்து ஒரு தோட்டப் புத்தகத்தை வாசித்தல்

தோட்டம் பற்றிய புத்தகங்களுக்குப் பொதுவாக ஒரு ஆரம்பம் உண்டு. ஒருவர் ஊரைவிட்டோ நாட்டைவிட்டோ புது இடத்துக்குப் போகிறார். நிலம் வாங்குகிறார். முதல் வருடம் எல்லாம் சொதப்பும். மண் சரியில்லை, மான் வந்து மேய்ந்துவிட்டது, பனியில் நாற்று கருகிவிட்டது. மூன்றாவது வருடம் தக்காளி காய்க்கும், கூடவே எழுத்தாளருக்கு ஞானமும் காய்த்துவிடும். டெக்சாஸிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் நம்மாட்கள் போடும் வீட்டுத் தோட்ட வீடியோக்களும் கிட்டத்தட்ட இதே கதைதான். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நானே ராத்திரி உட்கார்ந்து நிறையப் பார்க்கிறவன். ஆனால் இந்தக் கதையில் ஒரு வரியை எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். "நிலம் வாங்குகிறார்" என்ற வரி.

அந்த வரியில் கொஞ்சம் நின்ற புத்தகங்கள் குறைவு. தோரோவின் 'வால்டன்' அதில் ஒன்று என்று சொல்லலாம். 1845இல் அவர் குடிசை போட்ட இடம் எமர்சனுடையது. அங்கே சுமார் இரண்டரை ஏக்கரில் பீன்ஸ் போட்டார். செலவு 14 டாலர் 72½ சென்ட், லாபம் 8 டாலர் 71½ சென்ட் என்று அரை சென்ட் வரைக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். நிலத்துக்கு வாடகை என்று அந்தக் கணக்கில் ஒரு வரிகூடக் கிடையாது, ஏன்னா நண்பர் கேட்கவில்லை. அவர் போட்டது ஒரு பருவப் பயிர் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு வருடம் சொச்சத்தில் கிளம்பியும்விட்டார். அடுத்தவர் நிலத்தில் இருக்கிறவனின் பயிர் பீன்ஸ்தான். அதை அவர் தத்துவமாக மாற்றிக்கொண்டார்.

அந்த வரியில் உண்மையாகவே நின்று சண்டை போட்ட புத்தகம் ஜமைக்கா கின்கெய்டின் 'என் தோட்டம் (புத்தகம்):'. 1999இல் வந்தது. அடைப்புக்குறியும் முக்காற்புள்ளியும் தலைப்பிலேயே உள்ளவை. கின்கெய்ட் 1949இல் ஆன்டிகுவா தீவில் பிறந்தவர். பதின்வயதில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நியூயார்க் வந்து, எழுத்தாளராகி, பிறகு வெர்மான்ட் மாநிலத்தில் குடியேறினார். அன்னையர் தினத்துக்குக் கணவர் மண்வெட்டி வகையறாக்களையும் விதைப் பொட்டலங்களையும் வாங்கித் தர, அங்கே ஆரம்பிக்கிறது தோட்டம். பாத்திகளை ஏதேதோ கோணலான வடிவங்களில் வெட்டுகிறார். ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் புரிகிறது, தான் வெட்டிக்கொண்டிருப்பது கரீபியன் கடலின், அதில் கிடக்கும் தீவுகளின் வரைபடம் என்று.

இந்த இடத்தை நம்மூர் வாசகர் உடனே 'தாயக ஏக்கம்' என்ற டப்பாவில் போட்டு மூடிவிடுவார். கின்கெய்ட் அதற்கு இடம் தருவதில்லை. டாலியா பூவுக்கு மெக்சிகோவில் வேறு பெயர் இருந்தது, ஸ்வீடன்காரர் ஒருவரின் பெயர் அதன்மேல் எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்கிறார். கொலம்பஸ் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் வைத்ததையும், லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஆன்டிகுவாக்காரர்களுக்கு விவசாயம் என்றால் கரும்புத் தோட்டத்து அடிமை வேலைதான் ஞாபகம், அதனால் அழகுக்குச் செடி வளர்ப்பது என்ற எண்ணமே அவர்களுக்கு அந்நியம் என்கிறார். கடையில் மலிவாகக் கிடைப்பதை அதிகச் செலவில் வளர்க்கிற வசதி தனக்கு வந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. வென்றவர்களின் கட்சியில் தானும் சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறார். புத்தகத்தின் மிக நேர்மையான இடம் அது.

ஈரப்பலா பற்றி அவர் எழுதுவது இன்னொன்று. கரீபியன் அடிமைகளுக்கு மலிவான சோறாக இருக்கட்டும் என்று பசிபிக் தீவுகளிலிருந்து அதைக் கப்பலில் கொண்டுபோனார்கள். கேப்டன் பிளையின் முதல் பயணம் கலகத்தில் முடிந்தது, இரண்டாவது பயணத்தில் 1793இல் மரம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவுகளின் குழந்தைகளுக்கு அந்தக் காயே பிடிக்காது என்கிறார் கின்கெய்ட். இலங்கைத் தமிழர் வீட்டில் ஈரப்பலாக்காய்க் கறி என்றால் சந்தோஷம். ஒரே காய். யார், எதற்காக நட்டார்கள் என்பது நாக்கு வரைக்கும் வருகிறது.

இவ்வளவு கேட்டவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அது கண்ணில் பட்டதற்குக் காரணம் புத்தகத்தைத் திருவள்ளூர் மாவட்டத்தில் உட்கார்ந்து படித்ததுதான்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1990இல் போர் மறுபடி மூண்டபோது வந்தவர்களுக்காக அமைந்தது, தமிழகத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021இல் அரசு சொன்ன கணக்கின்படி மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர். அந்த வருடம்தான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. 7,469 வீடுகள் கட்டித் தரப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. நல்ல விஷயம்தான், பத்துக்குப் பத்து அடி அறையில் மூன்று தலைமுறை இருந்த இடத்தில் வீடு என்பது பெரிய விஷயம். ஆனால் வீடு வேறு, நிலம் வேறு.

அந்நியச் செலாவணி விதிகளின்படி இலங்கைக் குடிமகன் ஒருவர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் நிலமோ வீடோ வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், அதுவும் ஐந்து வருடத்துக்கு மேல் போகக் கூடாது. குடியுரிமைச் சட்டம் இன்னொரு பக்கம். 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தை இந்தியக் குடிமகனாக வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, அகதிப் பெற்றோருக்கு 1995இல் பொன்னேரியில் பிறந்து, இங்கேயே படித்து, பெயிண்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கும்மிடிப்பூண்டி சட்டப்படி வெளிநாடு. அவர் பார்த்த ஒரே ஊரும் அதுதான்.

இந்த ஐந்து வருடத்தைச் செடிகளின் கணக்கில் போட்டுப் பாருங்கள். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். பப்பாளி வருடத்துக்குள் காய்க்கும். வாழை ஒரு வருடம். முருங்கைப் போத்து நட்டால் அதுவும் வருடத்துக்குள் காய் தரும். ஒட்டு மா மூன்றிலிருந்து ஐந்து. பலா அதைத் தாண்டும். நெட்டைத் தென்னை ஆறேழு வருடம். பனை பன்னிரண்டு, பதினைந்து, இருபது. ஐந்தாவது வருடத்தில் ஒரு கோடு கிழித்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் கீரையும் முருங்கையும், அந்தப் பக்கம் தென்னையும் பனையும். யாழ்ப்பாணத்தான் 'வளவு' என்று சொல்லும்போது மனசில் வரும் மரங்களில் பெரியவை எல்லாம் அந்தப் பக்கம்.

கின்கெய்ட் கேட்காமல் விட்டது இதைத்தான். பெயர் யாருடையது, வசதி யாருடையது என்றெல்லாம் கேட்டார். காலம் யாருடையது என்று கேட்கவில்லை. அவருக்கு அது கையில் இருந்தது. இந்த வருடம் பூக்காத கொடி அடுத்த வருடம் பூக்கும் என்று காத்திருக்கலாம், அது தப்பான மாதத்தில் பூத்தால் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவலைப்படலாம். அந்தக் கவலை ஒரு சொத்து. பத்திரத்தோடு சேர்ந்து வருவது.

என் துறையில் இதற்கு நேரெதிரான உதாரணம் நிறைய. எச்-1பி விசா முதலில் மூன்று வருடம், நீட்டித்தால் ஆறு. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டும். ஆனால் அந்த விசாவில் இருக்கிறவர் அங்கே வீடும் நிலமும் வாங்கலாம், கொல்லையில் மாங்கன்று வைக்கலாம். அவர் இருப்பு தற்காலிகம், மரம் நிரந்தரம். முகாமில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறவருக்கு அப்படியே தலைகீழ். இரண்டையும் 'புலம்பெயர் தோட்டம்' என்ற ஒரே சொல்லால் எப்படிச் சொல்வது?

அதே கும்மிடிப்பூண்டியில் இன்னொரு குத்தகையும் இருக்கிறது. சிப்காட் வளாகத்தில் தொழிற்சாலைக்கு மனை ஒதுக்கினால் வழக்கமாக 99 வருடக் குத்தகை. வெளிநாட்டு முதலீட்டில் இங்கே பதிவான நிறுவனத்துக்கும் அந்தக் கணக்குதான். பனை நட்டு, நுங்கு தின்று, அது முதிர்ந்து சாய்வதைப் பார்க்கக்கூடிய காலம். நிறுவனங்கள் பனை நடுவதில்லை, அது வேறு. உள்ளூர்க்காரர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பக்கத்தில் தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் போய்வந்த நிலம் சிப்காட்டுக்குப் போனபோது ஊர் மக்கள் போராடினார்கள். தலைமுறைகளாக மாடு மேய்த்ததும் பத்திரமாகக் கணக்கில் வரவில்லை.

இங்கேதான் நம் விமர்சனத்தோடு எனக்குச் சண்டை. ஈழத்து, புலம்பெயர் எழுத்தில் முருங்கையோ பனையோ வந்தால் 'ஏக்கம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். டொராண்டோவில் அக்டோபர் வந்ததும் முருங்கைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்து, மே மாதம் மறுபடி வெளியே வைக்கிறவர் ஏங்குவதற்காக அதைச் செய்வதில்லை. குளிருக்கும் இலைக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் போடுகிறார். தொ. பத்தினாதனின் 'போரின் மறுபக்கம்' போல முகாம் வாழ்வை உள்ளிருந்து எழுதிய நூல்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைத் துயரத்தின் சாட்சியமாக மட்டும் வாசித்து நகர்ந்துவிட்டோம். இருப்பவர்கள் எவ்வளவு காலத்துக்குத் திட்டமிட முடிகிறது, எதை நட முடிகிறது, எதை நடுவதில்லை என்ற கண்ணோடு வாசித்தால் அவை வேறு மாதிரித் திறக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கான கருவி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரு விதி இருக்கிறது. ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறு நிலத்தில், வேறு பொழுதில் வந்தாலும், வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியவையாகவே அவற்றைக் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கவிதைக்கான விதிதான், குடியுரிமைச் சட்டம் இல்லை. ஆனாலும் ஒரு பூவுக்கு இவ்வளவு தாராளமாக இடம் கொடுத்த மொழி நம்முடையது. பப்பாளியும் கொய்யாவும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை, இன்று அவற்றை யாரும் அந்நியம் என்று சொல்வதில்லை.

இன்னொன்று தேசவழமை. யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டங்களை 1707 வாக்கில் டச்சுக்காரர்கள் எழுத்தில் தொகுத்தார்கள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் பார்த்த அதே கம்பெனி. அடுத்தவர் நிலத்தில் சம்மதத்தோடு மரம் வைத்தவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்று அது சொல்கிறது. கன்றைக் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்துப் பங்கு கூடும், குறையும். தேசவழமையைக் கொண்டாட வேண்டியதில்லை, அதே நூலில் அடிமைகளைப் பற்றியும் விதிகள் இருக்கின்றன. ஆனால் நிலம் ஒருவருடையதாகவும் மரத்தின் பலன் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம் என்ற எண்ணம், இன்று முகாமில் இருக்கிறவர்கள் விட்டுவிட்டு வந்த ஊரின் சட்டத்திலேயே இருந்தது.

யாழ்ப்பாணத்து வேலிக்குக் கதியால் நடுவார்கள். பூவரசு, கிளுவை, முருங்கைக் கிளையை வெட்டி ஊன்றுவது. வேலிக்கு என்று ஊன்றிய கம்பு மழையில் துளிர்த்து மரமாகிவிடும். எல்லைக் கம்பா மரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. திருவள்ளூர் பக்கம் நாம் போத்து என்கிறோம். விதை வேண்டாம், நாற்று வேண்டாம், யார் வீட்டு மரத்திலிருந்தும் ஒரு கிளை போதும். ஐந்து வருடத்துக்குள் அடங்குகிற மரங்களில் கொஞ்சமாவது நிழல் தருவது அதுதான்.

கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து யாராவது தோட்டப் புத்தகம் எழுதினால், 'நிலம் வாங்கினேன்' என்று ஆரம்பிக்க முடியாது. கீரையில் ஆரம்பிக்கலாம், முருங்கையில் நடு அத்தியாயங்கள் வரலாம். பனை எங்கே வரும் என்பது எழுதுகிறவர் கையில் மட்டும் இல்லை. கின்கெய்டை நேசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும்.