ஏழு கேள்விக்குறிகள்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் மென்பொருள் கவுன்ட்டரில். வாடிக்கையாளர் பெயர், கணக்கு வழக்கெல்லாம் மாடியில் இன்னொரு கம்ப்யூட்டரின் டேட்டாபேஸில். மயிலாப்பூரிலிருந்து வந்த கற்பகத்தின் பெயரைத் தமிழிலேயே அடித்துச் சேர்த்தாயிற்று. தீபாவளி வாழ்த்து அனுப்ப முதலாளி பட்டியலை எக்ஸெல்லில் இறக்குகிறார். கற்பகம் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக ஏழு கேள்விக்குறி!

அவர் பெயருக்கு நமக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஏழு. யூனிகோடில் 'ற்' என்பது 'ற' தனி, மேலே வைத்த புள்ளி தனி. 'ம்' அதே கதை. ஆக, ஒவ்வொன்றையும் ஒழுங்காக எண்ணிவிட்டுத்தான் தொலைத்திருக்கிறார்கள்.

தொலைத்தது யார்? மென்பொருளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே டிரைவர் என்று ஒருவர் இருக்கிறார். ஒருகாலத்தில் ஒவ்வொரு டேட்டாபேஸோடும் பேச அதனதன் பாஷையைத் தனித்தனியாகக் கற்கவேண்டியிருந்தது. 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஓடிபிசி என்ற பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஜாவாக்காரர்களுக்கு 1997-ல் ஜேடிபிசி. எந்த பிளக்கும் எந்த சாக்கெட்டிலும் பொருந்துகிற மாதிரி. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. கடைக்காரர் கணக்கை மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றலாம்.

ஆனால் பிளக் பொருந்தினால் போதும், எழுத்து தானாக வந்துவிடும் என்று நம் ஊர் மென்பொருள் விற்பனையாளர்கள் நினைப்பதுதான் கோளாறு. ஆரம்ப கால ஓடிபிசி, பழைய எழுத்துப் பட்டியல்களை நம்பி வந்தது. விண்டோஸில் அப்படி ஒரு பட்டியல் கிரேக்கத்துக்கு உண்டு, தாய்லாந்து மொழிக்கும் உண்டு, தமிழுக்குக் கிடையாது. பட்டியலில் இல்லாத எழுத்து வந்தால் கேள்விக்குறி போடு என்பது விதி. யூனிகோடுக்கு வழி 1997-லேயே ஓடிபிசி 3.5-ல் வந்துவிட்டது. இன்றும் மைஎஸ்க்யூஎல் டிரைவரை நிறுவினால் 'ஆன்சி', 'யூனிகோட்' என்று இரண்டு பெயர் வரும். அகர வரிசையில் ஆன்சி முதலில். அவசரக்காரர் முதலாவதைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

கேட்டால், "இங்கிலீஷ்ல போட்டுக்கங்க சார், பிரச்னையே வராது" என்கிறார்கள். வரும். கற்பகத்தை ஒரு பையன் 'ஜி' போட்டு எழுதுவான், இன்னொருவன் 'கே' போட்டு எழுதுவான். ஒரே அம்மாள் இரண்டு வாடிக்கையாளர் ஆகிவிடுவார்.

இன்னொரு வேடிக்கை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்கள் பெரும்பாலும் இந்த டிரைவர்களைச் சிராய்ப்பில்லாமல் தாண்டிவிடும். காரணம், உள்ளே இருந்தது வேற்று எழுத்து. மேலே மட்டும் தமிழ் வேஷம். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-ல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. சட்டம் வந்தாச்சு, எழுத்து வந்தாச்சு, டிரைவரும் வந்தாச்சு. சரியானதைத் தேர்ந்தெடுக்கும் அரை நிமிடக் கவனம்தான் இன்னும் வரவில்லை.

திரையில் மட்டும் கேள்விக்குறி தெரிந்தால் பிழைத்தோம்; மூலம் பத்திரமாக இருக்கும். அதே பட்டியலைத் திரும்ப டேட்டாபேஸில் ஏற்றினால் போச்சு. மீனாட்சிக்கும் எட்டு, சுந்தரத்துக்கும் எட்டு. அப்புறம் எந்த எட்டு யாருடையது என்று எந்த நிபுணராலும் சொல்லமுடியாது.

ஆகவே மென்பொருள் வாங்குகிறவர்களே, விலை பேசுமுன் உங்கள் பாட்டி பெயரைத் தமிழில் அடியுங்கள். டேட்டாபேஸுக்கு அனுப்பி, எக்ஸெல்லில் இறக்கி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். பாட்டி முழுசாகத் திரும்பி வந்தால் மட்டும் செக் புத்தகத்தை எடுங்கள்.